வயிரத்தின் பலகையும் கோடியும்

புகாருக்குத் தெற்கே கடலையொட்டி அமைந்த காரைக்காலில் முதுகலை மாணவர்க்குச் சிலப்பதிகாரம் பயிற்றுங்கால் ஊர்காண் காதையில் ஓர் ஐயம் எழுந்தது. மதுரை மணிவீதியில் விற்கப்பெற்ற வயிரம் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்னும் நான்கு குற்றமும் நீங்கியது என்பர் இளங்கோவடிகள். இன்று வயிரத்தின் மதிப்பைப் பெரிதும் உறுதிசெய்வது பட்டையன்றோ? அதனை அடிகள் கூறாமை என்னை என்பதே வினா.

விடை அடியார்க்குநல்லார் உரையில் உளது. வயிரத்தின் குணங்களைப் பலகை எட்டு, கோணம் ஆறு, தாரை, சுத்தி, தராசம் என ஐந்தாக அவ்வுரை எண்ணுகின்றது. இந்திரவில் போலும் ஒளியையும் உடன் குறிக்கின்றது. பலகை என்பது சாணைபிடித்த பட்டையே என யாமும் முன்னர்ப் பாடஞ் சொன்னதுண்டு. அது பிழை. எட்டு முகமும் ஆறு முனையும் உடைய எண்முக வடிவம், வயிரம் மண்ணில் இயல்பாகவே கொள்ளும் படிக வடிவங்களுள் தலையாயது. இரண்டு எண்ணும் ஒருங்கே பொருந்துதல் தற்செயலாகாது. மேலும், அவ்வுரை கூறும் பன்னிரு குற்றங்களுள் கோடியின்மை, கோடி முரிதல், தாரை மழுங்கல் என்பனவும் உள. இயற்கை முனையும் விளிம்பும் சிதையாமையே அன்று சிறப்பு. ஆகலின் காதையில் வரும் 'கோடி' என்னுஞ் சொற்கு முனை எனவே பொருள் கொள்க.

இக்காலப் பட்டை இதற்கு மறுதலை. வயிரத்தின் ஒளிவிலகல் எண் 2.42. உட்புகுந்த ஒளி, ஒரு முகத்தின் செங்குத்துக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 24½ பாகைக்கு மிக்க சாய்வில் அம்முகத்தைத் தாக்கின் வெளியேறாது உள்ளேயே மீளும். அடிமுகங்களை ஏறத்தாழ 41 பாகைச் சாய்வில் அமைப்பின், மேலிருந்து புக்க ஒளி இருமுறை மீண்டு காண்பார் கண்ணையே வந்தடையும். சாய்வு மிகினும் குறையினும் ஒளி கீழே கசிந்து, குற்றமற்ற கல்லும் மங்கித் தோன்றும். மார்செல் டோல்கோவ்ஸ்கி 1919-இல் இக்கணக்கை நூலாக வெளியிட்டார்.

இவ்வொளிக்கு விலை எடையே. கோல்கொண்டா நாட்டில் எடுக்கப்பெற்று, சென்னைக் கோட்டை ஆளுநர் தாமஸ் பிட் வாங்கிய கல் 400 காரட்டுக்கு மேற்பட்டது. இலண்டனில் 1704 முதல் 1706 வரை அறுத்துத் தீட்டியபின் எஞ்சியது ஏறத்தாழ 141 காரட்டே. பிரெஞ்சு நாட்டில் சிறுவயது மன்னர்க்காக ஆட்சி புரிந்த ஆர்லியன்ஸ் கோமகன் 1717-இல் அதனை வாங்கினமையின் 'ரீஜண்ட்' எனப் பெயர் பெற்று, இன்று பாரிஸ் லூவர் காட்சிச்சாலையில் உளது. அடிகள் காட்டும் மணிவீதி வணிகர் அதனைக் காண நேர்ந்திருப்பின், கோடி முரிந்த கல் என ஒதுக்கியிருத்தலுங் கூடும்.