பறவைக் கணக்கு

கொங்கு நாடு மழை மறைவு நாடு. தென்மேற்குப் பருவக்காற்றுக் கொணரும் மேகங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் அப்புறத்தே பெரும்பகுதி நீரைப் பொழிந்துவிட்டு, வெறுங்கையோடு இப்புறம் வந்து சேர்கின்றன. பாலக்காட்டுக் கணவாயின் வழியே காற்று மட்டும் குறைவின்றி வீசுகிறது. வெள்ளியங்கிரி மலைச்சாரலில் தோன்றும் நொய்யலாறு கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்னும் பெயருடைய ஊரின் அருகே காவிரியிற் கலக்கிறது. இஃது ஆண்டு முழுதும் ஓடும் ஆறன்று. மலையில் மழை பெய்தால் பெருக்கெடுத்து வரும். சில நாட்களில் வற்றிவிடும். ஆகவே முன்னோர் இவ்வாற்றின் குறுக்கே சிறு சிறு அணைக்கட்டுகளை அமைத்து, வாய்க்கால் வெட்டி, வெள்ளநீரைக் குளங்களிற் சேர்த்தனர். பேரூர், உக்கடம், குறிச்சி, வெள்ளலூர், சிங்காநல்லூர், சூலூர் முதலிய ஊர்களின் குளங்கள் இங்ஙனம் அமைந்தவையே. ஒன்று நிரம்பினால் மிகுநீர் மற்றொன்றுக்குச் செல்லும். இவை வயலுக்கும் கிணற்றுக்கும் நீர் தந்தன. அழைக்காமலே பறவைகளும் வந்து குடியேறின.

இக்குளங்கள் கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் பட்ட துன்பம் பெரிது. நகரம் விரிந்தது, வயல்கள் மனைகளாயின, நீர் வரும் வாய்க்கால்கள் அடைபட்டன, சாக்கடை மட்டும் தவறாது வந்து சேர்ந்தது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் நிலைமை இன்னும் கொடியது. திருப்பூரில் பின்னலாடைத் தொழில் வளர வளர, சாயப்பட்டறைகளின் கழிவுநீர் நொய்யலிற் கலந்தது. சென்னிமலைப் பகுதியில் 1992-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்கென எழுந்தது. ஆனால் அதில் தேங்கிய சாயநீர் பயிருக்கு ஆகாமற் போயிற்று. உழவர் வழக்குத் தொடுத்தனர். 2011-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாது தூய்மைப்படுத்தி, மீண்டும் பயன்படுத்தவேண்டும் என்னும் விதி அதன்பின் உறுதியாக நடைமுறைக்கு வந்தது.

ஒரு குளம் நலமாக இருக்கிறதா, நோயுற்றிருக்கிறதா என்பதை எவ்வாறு அறிவது? நீரை எடுத்து ஆய்வுக்கூடத்திற் சோதிக்கலாம். ஆனால் அச்சோதனை, நீர் எடுத்த அந்த நாளின் நிலையைத்தான் கூறும். குளத்திலேயே வாழும் உயிர்களை ஆண்டுக்கணக்கில் எண்ணி வந்தால், குளத்தின் வரலாறே தெரியவரும். இன்னும் சில ஆண்டுகளில் கல்லூரி புகவிருக்கும் மாணவர்களே, உங்கள் தமையன்மாரும் தமக்கைமாரும் பனிக்காலத்து விடியற்காலையில் ஏடும் தொலைநோக்கியும் கையிற்கொண்டு குளக்கரைகளில் நிற்பது இதற்காகத்தான்.

பறவைகளை எண்ணும் வழக்கம் நெடுங்காலத்ததன்று. அமெரிக்க நாட்டில் கிறித்துமசு நாளன்று துப்பாக்கியுடன் புறப்பட்டு, யார் மிகுதியான பறவைகளைச் சுட்டு வீழ்த்துவது என்று போட்டியிடும் பழக்கம் இருந்தது. சுடுவதற்கு மாறாக எண்ணினால் என்ன என்று பிராங்கு சாப்மன் என்னும் பறவையியலார் கேட்டார். 1900-ஆம் ஆண்டு கிறித்துமசு நாளில் 27 பேர் அவ்வாறே எண்ணினர். அந்தக் கணக்கு இன்றும் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. நம் நாட்டில் 1987-ஆம் ஆண்டு முதல் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடந்துவருகிறது. தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015-ஆம் ஆண்டில் பொங்கல் நாட்களை ஒட்டி ஒரு கணக்கெடுப்பைத் தொடங்கினர். விடுமுறையில் ஊருக்குச் செல்லும் மாணவர், தம் ஊர்க் குளத்தையும் தோட்டத்தையும் பார்த்து எழுதுவதற்கு அது வாய்ப்பாக அமைந்தது. பிப்ரவரித் திங்களில் உலகெங்கும் நடைபெறும் பறவைக் கணக்கின் ஒரு பகுதியாக, இந்தியக் கல்லூரி வளாகங்களில் நடக்கும் கணக்கும் அதே 2015-இல் தோன்றியதே. தமிழ்நாட்டு வனத்துறையும் நீர்ப்பறவைகளை ஒரு முறையும் நிலப்பறவைகளை ஒரு முறையுமாக, மாநிலம் முழுவதும் எண்ணுகிறது. அப்பணிக்குக் கல்லூரி மாணவரைத் தொண்டர்களாகச் சேர்த்துக்கொள்கிறது.

எண்ணுவது எளிது என்று நினைப்பவர் ஒரு நாள் சிங்காநல்லூர்க் குளக்கரையில் நின்று பார்க்கவேண்டும். முதலில் கண்ணுக்குத் தெரிவன பெரிய பறவைகள். கூழைக்கடா கப்பலைப்போல் அசையாது மிதக்கும். சங்குவளை நாரை ஆழமில்லா நீரில் நின்று, வாய்திறந்தபடி அலகை நீருக்குள் அசைத்து மீன் தேடும். இவற்றை எண்ணுவதில் துன்பமில்லை. ஆனால் நாமக்கோழிகள் நூற்றுக்கணக்கில் நீந்தும். முக்குளிப்பான் எண்ணும்பொழுதே மூழ்கி வேறோரிடத்தில் எழும். நீலத் தாழைக்கோழி கோரையின் உள்ளே பாதியும் வெளியே பாதியுமாய் நிற்கும். வலசை வந்த வாத்துகளிலோ ஆண்பறவைகளை அவற்றின் நிறங்கொண்டு எளிதில் அறியலாம். பெண்பறவைகள் ஏறத்தாழ எல்லாம் ஒரே பழுப்பு நிறமாய்த் தோன்றும். அலகின் வடிவத்தையும், இறக்கையில் ஒளிந்துள்ள சிறு நிறப்பட்டையையும் கண்டே பிரித்தறிய வேண்டும். ஊசிவால் வாத்தையும் ஆண்டி வாத்தையும் மயங்காது சொல்லப் பழகுவதற்கு ஒரு பருவம் முழுதும் வேண்டும்.

பெருங்கூட்டத்தை எண்ணுவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் பத்துப் பறவைகளை ஒன்று இரண்டென எண்ணி, அப்பத்தும் எவ்வளவு இடத்தை அடைத்துள்ளன என்று மனத்திற் கொள்ளவேண்டும். பின்பு அவ்வளவான இடங்கள் எத்தனை என்று பார்க்கவேண்டும். களத்துமேட்டில் ஒரு வள்ளத்தால் அளந்து நெற்குவியலின் அளவை மதிப்பிடும் உழவரின் வழியும் இதுவே அன்றோ! இருவர் தனித்தனியே எண்ணி, பின்னர் ஒப்பிட்டால் பிழை குறையும். எண்ணிக்கையோடு எத்தனை மணிக்குத் தொடங்கினோம், எவ்வளவு நேரம் நின்றோம், எவ்வளவு தூரம் நடந்தோம் என்பவற்றையும் எழுதவேண்டும். ஒரு மணி நேரத்தில் நாற்பது பறவை கண்டவரும், நான்கு மணி நேரத்தில் நாற்பது பறவை கண்டவரும் ஒரே செய்தியைச் சொல்பவர் ஆகார்.

மற்றொரு சிக்கலும் உண்டு. காலையில் உக்கடத்தில் இருந்த கூழைக்கடா நண்பகலில் சிங்காநல்லூருக்குப் பறந்துவிடும். இன்று ஒரு குளத்தையும் நாளை மற்றொரு குளத்தையும் எண்ணினால், ஒரே பறவை இரு முறை கணக்கில் ஏறும். எல்லாக் குளங்களையும் ஒரே காலைப்பொழுதில் எண்ணுவதே இதற்குத் தீர்வு. அதற்கு ஒவ்வொரு கரைக்கும் ஒரு குழு வேண்டும். கோவை நகரத்துக் குளங்களையும் திருப்பூர், ஈரோட்டு ஏரிகளையும் ஒருங்கே எண்ண, அறிவியலார் சிலர் மட்டும் போதமாட்டார். நூற்றுக்கணக்கான கண்கள் வேண்டும். கல்லூரி மாணவர் இப்பணிக்கு இன்றியமையாதவர் ஆனது இக்காரணத்தினாலேதான்.

இங்ஙனம் பலர் சேர்த்த குறிப்புகளால் விளைந்த பயனுக்குச் சான்றுகள் பல. பறவை பார்ப்போர் இணையத்தில் எழுதிய கோடிக்கும் மேற்பட்ட குறிப்புகளைக்கொண்டு, 2020-ஆம் ஆண்டில் இந்தியப் பறவைகளின் நிலைபற்றி ஓர் அறிக்கை வெளிவந்தது. சிட்டுக்குருவி எங்குமே அழிந்து வருகிறது என்று அதுவரை பலரும் சொல்லிவந்தனர். நாடு முழுவதையும் நோக்குங்கால் அது பெரிதும் குறைந்துவிடவில்லை என்றும், சென்னை முதலிய பெருநகரங்களிலேயே குறைந்தது என்றும் அறிக்கை காட்டிற்று. மயிலைப்பற்றிய செய்தி வேறு. அது பெருகியுள்ளது. கொங்கு நாட்டு உழவர் இதனை அறிக்கை வருவதற்கு முன்பே அறிவர். விதைத்த நிலக்கடலையையும் தக்காளியையும் மயில் கொத்துவது அவர்களது அன்றாடக் குறை. மயில் 1963-ஆம் ஆண்டு முதல் நாட்டின் தேசியப் பறவை. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினச் சட்டத்தின் முழுப் பாதுகாப்பையும் பெற்றது. ஆகவே உழவர் சொல்லும் குறையை வெறும் புலம்பல் என்று தள்ளுவோரும் இருந்தனர். கணக்கு அவ்வாறு தள்ள விடாது. பறவையிடம் அன்புடையோர் எடுத்த கணக்கே உழவர் சொல்லுக்கும் துணைநின்றது குறிப்பிடத்தக்கது.

இனி நஞ்சராயன் குளத்தின் கதையைக் காண்போம். திருப்பூரிலிருந்து ஊத்துக்குளி செல்லும் வழியில், சர்க்கார் பெரியபாளையத்தை அடுத்து இக்குளம் உள்ளது. பல நூற்றாண்டுகளுக்கு முன் இப்பகுதியை ஆண்ட நஞ்சராயன் இதனைச் செப்பனிட்டதால் இப்பெயர் பெற்றது என்பர். நல்லாற்றின் நீர் இதனை நிரப்புகிறது. பின்னலாடை நகரின் வாயிலிலேயே கிடக்கும் குளம் என்னவாகும் என்று கேட்டால், எவரும் நல்ல விடை கூறியிரார். எனினும், திருப்பூர் இயற்கை ஆர்வலர்கள் ஆண்டுக்கணக்காக இங்கே வந்து எண்ணி எழுதினர். இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்து இங்குத் தங்குவதை அவர்கள் பதிவு செய்தனர். ஏறத்தாழ 190 வகைப் பறவைகளும் 87 வகை வண்ணத்துப்பூச்சிகளும் இக்குளத்திற் காணப்பட்டன. ஒரு குளத்தைக் காக்கவேண்டும் என்று அரசிடம் கேட்பவர், 'அழகான குளம்' என்று மட்டும் சொன்னால் அச்சொல் கோப்பிலே உறங்கும். இன்ன நாளில் இன்ன பறவை இத்தனை என்று காட்டினால் கோப்பு நகரும். 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு இதனை மாநிலத்தின் 17-ஆவது பறவைகள் காப்பகமாக அறிவித்தது. 2024-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் இது ராம்சார் தலங்களுள் ஒன்றாயிற்று. ஈரான் நாட்டின் ராம்சார் நகரில் 1971-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, உலகச் சிறப்புடைய ஈரநிலங்களுக்கு அளிக்கப்படும் தகுதி அது. குளத்தின் பரப்போ ஏறத்தாழ 126 எக்டேர் மட்டுமே.

எண்ணிக்கை மிகுந்திருந்தால் குளம் நலமாக இருக்கிறது என்று உடனே முடிவு கட்டிவிடுதல் கூடாது. நெடுங்கால் உள்ளான் சாக்கடை தேங்கிய ஆழமற்ற நீரிலும் கூட்டமாய் நிற்கும். ஆகாயத்தாமரை குளத்தை மூடினால் தாழைக்கோழிக்கு மகிழ்ச்சி. திறந்த நீரை வேண்டும் வாத்துக்கு இடமில்லை. ஆதலால் எத்தனை என்பதோடு எவை என்பதையும் நோக்கவேண்டும். கோவைக் குளங்கள் சிலவற்றின் கரைகளில் அண்மை ஆண்டுகளில் நடைபாதைகளும் விளக்குகளும் அமைக்கப்பட்டன. மக்கள் மாலையில் உலவுவதற்கு அவை இனியனவே. ஆயினும் கரையோரப் புதர் இருந்த இடத்தில் கல் பதித்தால், அப்புதரில் கூடு வைத்த பறவை எங்கே போகும் என்று இயற்கை ஆர்வலர் கேட்டனர். இரு தரப்பாரும் வெறுஞ்சொல்லால் வாதிடுவதைவிட, பணிக்கு முன்னும் பின்னும் எடுத்த கணக்கை வைத்துப் பேசுவதே முறையாகும். முன்கணக்கு இல்லாத குளத்துக்குப் பரிந்து பேசுவது கடினம்.

இத்துறையில் மேலும் செல்ல விரும்பும் மாணவருக்குக் கோவையைப்போல் வாய்ப்பான நகரங்கள் தமிழ்நாட்டிற் சிலவே. ஆனைகட்டியில் பறவையியலறிஞர் சாலிம் அலியின் பெயரால் 1990-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஆய்வு மையம், இப்பொழுது இந்திய வன உயிரின நிறுவனத்தின் தென்னிந்திய மையமாக இயங்குகிறது. நகருக்குள்ளேயே வன மரபியல் மற்றும் மரப்பெருக்க நிறுவனம் உள்ளது. 1902-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட காசு வன அருங்காட்சியகமும் அவ்வளாகத்திலேயே இருக்கிறது; பள்ளி மாணவரும் சென்று காணத்தக்கது. மேட்டுப்பாளையத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வனவியல் கல்லூரி உண்டு. பட்டம் பெற்ற இளைஞரைச் சுற்றுச்சூழற் பணிக்கென மாவட்டந்தோறும் அமர்த்தும் பசுமைப் புத்தாய்வுத் திட்டம் ஒன்றையும் தமிழ்நாடு அரசு தொடங்கியது. வேதியியலோ கணக்கோ வணிகவியலோ பயில்பவரும் குளக்கரைக் கணக்கிற் சேரலாம்; அதற்குத் தனிப் பட்டம் எதுவும் வேண்டுவதில்லை.

ஏட்டைவிட மண்வெட்டியை விரும்பும் மாணவர்க்கும் இடம் உண்டு. வெள்ளலூர்க் குளம் நீர்வரத்து வாய்க்கால் அடைபட்டதால் ஆண்டுக்கணக்காக வறண்டு கிடந்தது. 2017-ஆம் ஆண்டில் கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பைச் சேர்ந்த தொண்டர்கள் குளத்தைத் தூர்வாரி, வாய்க்காலைத் திறந்தனர். நொய்யல் நீர் உள்ளே வந்தது. கரையில் மரங்களை அடர்த்தியாக நட்டனர். ஞாயிற்றுக்கிழமை தோறும் கூடிப் பணி செய்வது அவர்களது வழக்கம். கல்லூரி மாணவர் பலர் அதில் பங்கு கொள்கின்றனர். இன்று அக்கரையில் நூற்றுக்கு மேற்பட்ட வண்ணத்துப்பூச்சி வகைகள் எண்ணப்பட்டுள்ளன.

எண்ணச் செல்பவர் நினைவிற் கொள்ளவேண்டியது இன்னும் ஒன்று உண்டு. விடியற்காலையில் எழுந்து, பனியில் நடந்து, குளத்தை அடைந்து பார்த்தால் நீர் வற்றிப் பறவை ஒன்றும் இராது. அப்பொழுது பலர் ஏட்டை மூடிவிட்டுத் திரும்பிவிடுவர். அது தவறு. நாள், நேரம், இடம் ஆகியவற்றை எழுதி, எதிரே சுழியம் இடவேண்டும். மறு ஆண்டு நீர் வந்து, முதல் முக்குளிப்பான் தலைகாட்டும்பொழுது, அது எத்தனை காலத்துக்குப் பின் வந்தது என்பதை அந்தச் சுழியங்களைக் கொண்டுதான் சொல்லமுடியும்.