பேட்டரி தெளிப்பானுக்கு ஏற்ற வேகக் கட்டுப்பாட்டுக் கருவி

கையால் அடித்துத் தெளிக்கும் தெளிப்பானுக்குப் பதிலாக, பேட்டரியில் இயங்கும் முதுகுத் தெளிப்பானைச் சிறு விவசாயிகள் பலர் பயன்படுத்துகின்றனர். இதில் 12 வோல்ட் பேட்டரியும், டி.சி. மோட்டாரும், அதனுடன் இணைந்த சிறிய பம்பும் உள்ளன. மோட்டாரின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் திருகு உள்ள கருவியைக் கடைகளில் ரெகுலேட்டர் என்பார்கள். சில தெளிப்பான்களில் இது இருப்பதில்லை. இருந்தாலும் தண்ணீர் புகுந்து பழுதாகிவிடுவதுண்டு. புதிதாக வாங்கிப் பொருத்தும்போது சில விவரங்களைக் கவனித்தால் வீண் செலவைத் தவிர்க்கலாம்.

வேகத்தைக் குறைப்பது ஏன்?

மோட்டார் வேகமாக ஓடினால் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் மருந்துத் துளிகள் பொடியாகிக் காற்றில் மிதந்து செல்லும். பூச்சி மருந்துக்கு நுண்ணிய துளி தேவை. களைக்கொல்லிக்கோ சற்றுப் பெரிய துளியே ஏற்றது. 2,4-டி களைக்கொல்லியின் சாரல் பக்கத்து வயல் பருத்தியின் மேல் பட்டால் இலைகள் சுருங்கிப் பயிர் கெடும். ஆகவே களைக்கொல்லி தெளிக்கும்போது வேகத்தைக் குறைத்து, அதற்குரிய விசிறி வடிவ நாசிலைப் பொருத்தி, காற்று அமைதியாக உள்ள நேரத்தில் தெளிக்க வேண்டும்.

கருவி இயங்கும் விதம்

மின்தடையைக் கொண்டு வேகத்தைக் குறைத்தால் பேட்டரியின் சக்தியில் ஒரு பகுதி வெப்பமாக வீணாகும். இப்போது கிடைக்கும் மின்னணுக் கருவிகள், மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தை நொடிக்குப் பல நூறு அல்லது பல ஆயிரம் முறை விட்டுவிட்டுக் கொடுக்கின்றன. மின்சாரம் பாயும் நேரம் கூடினால் வேகம் கூடும். குறைந்தால் வேகமும் குறையும். இம்முறையில் வெப்பம் குறைவு. பேட்டரியும் கூடுதல் நேரம் உழைக்கும்.

தேர்வு செய்யும் முறை

முதலில் மோட்டாரின் மேல் ஒட்டியுள்ள சீட்டில் வோல்ட், ஆம்பியர் அளவுகளைப் பார்க்க வேண்டும். சீட்டு அழிந்திருந்தால் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து, மோட்டார் ஓடும்போது எடுக்கும் ஆம்பியரை அளந்து கொள்ளலாம்.

மோட்டார் ஓடத் தொடங்கும்போதும், பம்பில் தூசி அடைத்து நின்றுவிடும்போதும் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் எடுக்கும். ஆகவே ஓடும் ஆம்பியரைப் போல் குறைந்தது இரு மடங்கு தாங்கும் கருவியே தேவை. 3 ஆம்பியர் எடுக்கும் மோட்டாருக்கு 10 ஆம்பியர் கருவி பாதுகாப்பானது. முழுதாகச் சார்ஜ் ஆன 12 வோல்ட் பேட்டரியில் 12 வோல்ட்டுக்கு மேலேயே இருக்கும். எனவே கருவி தாங்கும் வோல்ட் அளவும் கூடுதலாக இருக்க வேண்டும்.

வீட்டு மின்விசிறியின் ரெகுலேட்டர் ஏ.சி. மின்சாரத்துக்கு உரியது, அது இதற்கு உதவாது. மூன்று கம்பிகள் வரும் பிரஷ் இல்லாத மோட்டாருக்குத் தனிக் கருவி உண்டு. மேலே சொன்னது இரண்டு கம்பி உள்ள பிரஷ் மோட்டாருக்கு மட்டுமே பொருந்தும்.

பொருத்தும்போது

பேட்டரியின் பிளஸ், மைனஸ் முனைகளை மாற்றி இணைத்தால் பல கருவிகள் அந்த நொடியே கருகிவிடும். இணைக்குமுன் இருமுறை சரிபார்க்க வேண்டும். பேட்டரியின் பிளஸ் கம்பியில் ஒரு பியூஸ் அவசியம். 3 ஆம்பியர் மோட்டாருக்கு 5 ஆம்பியர் பியூஸ் போதும். பியூஸ் போனால் காரணத்தைக் கண்டறிய வேண்டுமே தவிர, செப்புக் கம்பியைச் சுற்றிவிடக் கூடாது. மருந்துநீர் படாத இடத்தில் கருவியை வைக்க வேண்டும்.

திருகை மிகவும் குறைத்து வைத்தால் மோட்டார் சுற்றாமல் உறுமிக்கொண்டு சூடாகும். அப்போது உடனே நிறுத்திவிட வேண்டும். சற்றுக் கூடுதல் வேகத்தில் ஓடவிட்டு, பின்பு தேவையான அளவுக்குக் குறைப்பதே முறை.

மருந்தளவு தவறாமல் இருக்க

வேகத்தை மாற்றினால் ஏக்கருக்குப் போகும் மருந்தின் அளவும் மாறும். எனவே தெளிக்குமுன் டேங்கில் வெறும் தண்ணீர் ஊற்றி, 1 நிமிடத்தில் நாசில் வழியாக வரும் நீரை அளவுச் சாடியில் பிடித்துப் பார்க்க வேண்டும்.

உதாரணமாக, நிமிடத்துக்கு 1.2 லிட்டர் வருவதாக வைத்துக் கொள்வோம். தெளிப்பவர் 1 மீட்டர் அகலத்தில் நிமிடத்துக்கு 30 மீட்டர் நடக்கிறார். சுமார் 4,000 சதுர மீட்டர் கொண்ட ஒரு ஏக்கரை முடிக்க 133 நிமிடம் ஆகும். தேவைப்படும் நீர் 160 லிட்டர். அதாவது 16 லிட்டர் டேங்குக்கு 10 டேங்க். ஏக்கருக்குச் சிபாரிசு செய்த மருந்தை 10 சம பங்காக்கி, டேங்குக்கு ஒரு பங்கு கலக்க வேண்டும்.

இடையில் திருகைக் கூட்டி நிமிடத்துக்கு 1.5 லிட்டர் வரும்படி செய்தால், அதே நடையில் ஏக்கருக்கு 200 லிட்டர், அதாவது பன்னிரண்டரை டேங்க் செலவாகும். மருந்து கால் பங்கு கூடிவிடும். களைக்கொல்லியானால் பயிரும் கருகலாம்.

பேட்டரி இறங்க இறங்க, திருகு அதே இடத்தில் இருந்தாலும் அழுத்தம் குறையும். இறங்கிய பேட்டரிக்கு எந்தக் கருவியும் பலம் தராது. ஆகவே முழுதாகச் சார்ஜ் செய்த பேட்டரியுடன் வேலையைத் தொடங்கி, பாதி வேலையில் மீண்டும் ஒரு முறை நீரை அளந்து பார்ப்பது நல்லது. அளக்குமுன் டேங்கில் மருந்து இல்லாதபடி கழுவிவிட வேண்டும். நாசில் அடைத்துக்கொண்டால் வாயால் ஊதக் கூடாது. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் நீர் விட்டுக் கழுவலாம்.

சரியான அளவு ஒருமுறை கிடைத்ததும், திருகு நின்ற இடத்தில் பெயிண்ட்டால் ஓர் அடையாளம் இட்டு வைக்கலாம். பூச்சி மருந்துக்கு ஒன்று, களைக்கொல்லிக்கு ஒன்று என இரண்டு அடையாளங்கள் இருந்தால், கூலிக்குத் தெளிக்க வருபவருக்கும் அளவு தவறாது.