பூனைக்காலி விதையும் லெவோடோபா மாத்திரையும்

கடலூர், விழுப்புரம், திண்டிவனம் பக்கமிருந்தெல்லாம் புதுச்சேரி கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனைக்கு வைத்தியத்துக்கு வருகிறார்கள். பார்க்கின்சன் நோய் என்று டாக்டர் சொல்லி, மாத்திரையை நிறுத்தவே கூடாது என்றும் சொல்லிவிட்டால், வீட்டில் யாராவது ஒருவர் கேட்கத்தான் செய்வார்: "நாட்டு மருந்துக் கடையில் பூனைக்காலிச் சூரணம் கிடைக்கிறதே, அது போதாதா?" இதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. அந்த விதையில் மருந்து இருக்கிறது. இருப்பதால்தான் அளவு தெரியாமல் அதைத் தொடக் கூடாது என்கிறேன்.

பூனைக்காலி வேலிகளில் படரும் கொடி. காயின் மேலிருக்கும் பொன்னிறச் சுணை பட்டால் உடம்பெல்லாம் அரிக்கும். உள்ளே இருக்கும் விதையிலிருந்து லெவோடோபா என்ற மருந்துப் பொருளை 1937-ல் பிரித்தெடுத்துக் காட்டியவர்கள், சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த தாமோதரனும் ராமசாமியும். அதனால் என்ன பயன் என்று அப்போது உலகில் யாருக்கும் தெரியாது. பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் வற்றிப்போயிருப்பதை வியன்னாவில் ஹார்னிகிவிச் என்ற ஆய்வாளர் 1960-ல் கண்டார். டோபமினை நேரடியாகக் கொடுத்தால் அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. லெவோடோபா நுழைந்து, அங்கே டோபமினாக மாறும். அமெரிக்காவில் கோட்சியாஸ் என்ற மருத்துவர் 1960-களின் இறுதியில் அதைப் படிப்படியாகக் கூட்டிக் கொடுத்து, விறைத்துக் கிடந்தவர்களை நடக்க வைத்தார். இன்றுவரை இந்த நோய்க்கு அதைவிடப் பலமான மாத்திரை வரவில்லை. சென்னையில் பிரித்தெடுத்த அதே பொருள்தான் இது. நம்மூர்ப் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் இந்தச் செய்தி இடம்பெற வேண்டும்.

விதை வேலை செய்கிறதா என்பதையும் முறையாகச் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பணியாற்றிய இந்திய நரம்பியல் மருத்துவர் பாலா மன்யம் முன்னின்று நடத்திய ஆய்வில், 60 நோயாளிகளுக்கு விதைப்பொடி மருந்து கொடுத்துப் பலன் கண்டார்கள். முடிவு 1995-ல் வெளியானது. 2004-ல் வெளியான லண்டன் ஆய்வில் 8 பேருக்கு 30 கிராம் பொடியை ஒரே வேளையாகக் கொடுத்தார்கள். மாத்திரையைவிடச் சீக்கிரமே வேலை தொடங்கியது. பலனும் அதிக நேரம் நின்றது. ஆனால் அந்தப் பொடியில் இருந்த லெவோடோபா 1000 மில்லிகிராம். ஒப்பிட்ட மாத்திரையில் 200 மட்டுமே. மாத்திரைக்கு அவ்வளவு குறைவாகவே போதுமானதற்குக் காரணம், அதோடு சேர்ந்திருக்கும் கார்பிடோபா. மூளைக்குப் போகுமுன்பே லெவோடோபா உடம்பில் டோபமினாக மாறி வீணாவதை அது தடுக்கிறது. அப்படி வெளியே மாறுவதால்தான் குமட்டலும் வாந்தியும் வருகின்றன, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. விதையில் அந்தத் துணை மருந்து கிடையாது.

இயற்கையானது எப்படிக் கெடுதல் செய்யும் என்பார்கள். விதையில் இருந்தாலும் மாத்திரையில் இருந்தாலும் லெவோடோபா ஒன்றுதான். மிஞ்சினால் கைகால் தன்னால் நெளிவதும் இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரிவதும் இரண்டிலும் நேரும். போதாததற்கு, விதைக்கு விதை, மண்ணுக்கு மண் அதன் அளவு மாறும். ஒருவர் டாக்டரிடம் சொல்லாமல் மாத்திரையோடு சூரணமும் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கை நெளிவதைப் பார்க்கும் டாக்டர், எழுதிக்கொடுத்த மாத்திரையின் கணக்கை வைத்துத்தான் முடிவெடுப்பார். அந்தக் கணக்கே தப்பு. சூரணத்தை நம்பி மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது இன்னும் மோசம். உடம்பு விறைத்து, கடும் காய்ச்சல் கண்டு, உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஏழைகளுக்கு விதைதானே மலிவு என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். மாத்திரை வாங்க வழியில்லாதவர்களை மனதில் வைத்துத்தான் பொலிவியாவில் வறுத்த விதைப்பொடியைச் சோதித்தார்கள். 18 பேருக்கு ஒருவேளை கொடுத்த ஆய்வில் அது மாத்திரைக்குக் குறையாமல் வேலை செய்தது. ஆனால் 14 பேரைக் கொண்டு வாரக்கணக்கில் நடத்திய அடுத்த ஆய்வில், பாதிப் பேரால் பொடியைத் தொடர முடியவில்லை. சிலருக்கு வயிற்றுத் தொல்லை. சிலருக்கு நடமாட்டமே மோசமானது. நம் நாட்டிலோ லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்த மாத்திரை தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. அது அரசு மருத்துவமனைகளில் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கும்படி கேட்பதுதான் ஏழை நோயாளிக்கு உதவும். சூரணம் விற்பவர்களும் டப்பாவின் மேல், ஒரு கிராமில் எத்தனை மில்லிகிராம் லெவோடோபா என்று சோதித்து அச்சிட வேண்டும். அந்த எண் தெரிந்தால், நோயாளி டப்பாவை ஓ.பி. சீட்டோடு டாக்டரின் மேசையில் வைக்கலாம். டாக்டரும் அதைச் சேர்த்தே கணக்குப் போடலாம்.