யப்பான் செல்லும் மாணாக்கருக்கு

உயர்கல்வி நாடிக் கடல் கடக்கும் நம் இளைஞர் பெரும்பாலும் ஆங்கிலம் வழங்கும் நாடுகளையே நினைக்கின்றனர். யப்பான் அரசு 1954ஆம் ஆண்டு தொடக்கம் பிறநாட்டு மாணாக்கருக்குப் புலமைப்பரிசில் வழங்கி வருகின்றது. ஆயினும் மொழியச்சம் பலரைத் தடுத்துவிடுகின்றது. யாழ்ப்பாணத்தாருக்கு, சிறப்பாகத் தீவகத்தாருக்கு, இவ்வச்சம் அத்துணை வேண்டுவதன்று என்பது எம் கருத்து.

முதற்கண் சுட்டுச்சொற்களை நோக்குவாம். அ, இ, உ எனச் சுட்டு மூன்றென்பது தமிழிலக்கணம். தமிழகப் பேச்சில் உகரச் சுட்டு வழக்கிறந்தது. நாமோ, "உது என்ன?", "உங்கை என்ன செய்யிறாய்?" என்று இன்றும் வினவுகின்றோம். உது என்பது கேட்போன் பக்கத்துள்ள பொருள். யப்பானிய மொழியிலும் பேசுவோனுக்கு அண்மையிலுள்ளது கொரே, கேட்போனுக்கு அண்மையிலுள்ளது சொரே, இருவர்க்கும் சேய்மையிலுள்ளது அரே, வினாவுக்கு டொரே. இது, உது, அது, எது என நிரலே பொருத்திக் கொள்ளலாம். இரண்டே சுட்டுடைய ஆங்கிலேயன் ஈண்டு இடர்ப்படுவான். நெடுந்தீவுச் சிறுவன் இடர்ப்படான்.

வினைமுற்று ஈற்றில் வருதலும், உருபு பெயரின் பின் நிற்றலும் இரு மொழிக்கும் பொது. இவைபோன்ற ஒற்றுமைகளைக் கண்ட சுசுமு ஓனோ (1919–2008) என்னும் யப்பானிய அறிஞர், தமிழுக்கும் தம் மொழிக்கும் உறவுண்டென வாதித்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அ. சண்முகதாசும் அவர்தம் துணைவியார் மனோன்மணி அம்மையாரும் அவ்வாய்வில் அவருடன் உழைத்தனர். மொழிநூலார் பெரும்பாலோர் அம்முடிபை ஏற்றிலர்; வாக்கிய அமைப்பொன்றே இனவுறவுக்குச் சான்றாகாது, துருக்கிய மொழியும் இவ்வமைப்பினதே என்பர். ஆதலின் அதனைத் தற்பெருமைக்குக் கருவியாக்கல் வேண்டா. உறவு மெய்யாயினும் அன்றாயினும் கற்பவனுக்குப் பாடம் எளிதாகின்றது.

வீட்டினின்றும் புறப்படும் யப்பானியர் "இத்தே கிமாசு" என்பர். இத்தே, போய், கிமாசு, வருகிறேன். குறிகட்டுவான் துறையில் வள்ளமேறுவோர் வாயில் நாம் கேட்கும் அதே சொல்! போய் வருகிறேன் என்று சென்று மீளாதோர் பலரைக் கண்ட இத்தீவுகளில் அச்சொல்லுக்கு உரை வேண்டியதில்லை.

நம் தெய்வங்களுட் சில பௌத்தத்தோடு சீனம் வழியாக அங்கே சென்றுள்ளன. கலைமகள் பென்சைத்தென் என்னும் பெயருடன் பிவா என்னும் நரம்பிசைக் கருவியை ஏந்தி நிற்கின்றாள். அவளுக்குரிய புகழ்பெற்ற தலங்களான எனோஷிமா, சிகுபுஷிமா, இத்சுகுஷிமா மூன்றும் தீவுகளே. வெண்ணாகம் அவள் தூது என்பர். நாகம் பூவெடுத்துக் கடல் நீந்தி வந்த கதையை நயினை அம்பாள் சந்நிதியிற் கேட்டு வளர்ந்தோர் ஆண்டுச் சென்றால் வியப்புறுவர். இரண்டையும் ஒன்றெனக் கொள்ளல் மட்டும் ஆகாது.

மரக்கறி உண்போர் விழிப்பாயிருத்தல் வேண்டும். தெளிந்த இரசம் போலத் தோன்றுவதிலும் உலர்த்திய சூரைமீனின் சாறு கலந்திருக்கும். நம் மாசிக்கு அது உடன்பிறப்பு. ஷோஜின் எனப்படும் மடாலய உணவே ஐயமற்றது. சோற்றில் உண்கோல்களை நட்டு நிறுத்தலாகாது. அது இறந்தோர்க்குப் படைக்கும் முறை. பாதரட்சையை வாயிலிற் களைதலை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. குளியல் வேறு: உடம்பைக் கழுவிய பின்னரே தொட்டியில் இறங்குவர், ஏனெனில் அந்நீர் வீட்டார் அனைவர்க்கும் உரியது. "இல்லை" என்று முகத்துக்கெதிரே மறுத்தலை அவர் விரும்பார். "சொத்தோ", அஃதாவது "சற்று", என்று இழுத்து நிறுத்தினால் மறுத்தாரென்று உணர்க. இதனை உணராது மீண்டும் மீண்டும் கேட்டு நிற்றல் நம்மவர்க்கு இயல்பு.

எழுத்துத்தான் மெய்யான இடர். பொதுப் பயன்பாட்டுக்கென அரசு வகுத்த கன்ஜி (நம் கஞ்சியன்று) எனும் சீன எழுத்துக்கள் 2,136. கானா எனும் அசையெழுத்துக்கள் இருவகை. அவற்றின் ஒழுங்கோ அ, இ, உ, எ, ஒ என்றும், க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்றும் செல்லும். அந்த ஹகரம் பண்டு பகரமாயிருந்தது என்பர். பௌத்தத் துறவியர் பயின்ற வடமொழி நெடுங்கணக்கின் சுவடு அது. அரசின் பட்டப்படிப்புப் பரிசில் பெறுவோர்க்கு முதலாண்டு மொழிப் பயிற்சிக்கே உரியது. கானா இரண்டையும் ஊரிலேயே எழுதிப் பழகியவன் அவ்வாண்டு முழுவதையும் கன்ஜிக்கு ஒதுக்கலாம்.