அவசரக் கருத்தடை மாத்திரையும் வீண் பீதியும்

சென்னையில் மருந்துக் கடைக்குச் சென்று அவசரக் கருத்தடை மாத்திரை கேட்போருக்கு, "அது நாங்கள் வைப்பதில்லை" என்ற மறுமொழியே பெரும்பாலும் கிடைக்கிறதென்று பல வருஷங்களாகப் பத்திரிகைகளில் செய்திகள் வந்துகொண்டிருக்கின்றன. லெவோநார்ஜெஸ்ட்ரல் என்னும் இம்மருந்தை வைத்தியர் சீட்டில்லாமலே விற்கலாமென்று மத்திய சர்க்கார் 2005-ஆம் வருஷத்திலேயே அநுமதித்துவிட்டனர். சட்டம் அநுமதித்த பொருளைக் கடைக்காரர் வைக்க மறுப்பதும், கேட்பவரை ஏற இறங்கப் பார்ப்பதும் எந்த நியாயத்தின்பாற்பட்டவை என்பது நமக்கு விளங்கவில்லை.

இது கருவைச் சிதைக்கும் மருந்தென்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அவ்வாறன்று. சூல்பையிலிருந்து முட்டை வெளிப்படுவதைத் தாமதப்படுத்துவதே இதன் வேலை. முட்டை வெளிப்படாதபோது கர்ப்பத்துக்கு ஏது இடம்? ஏற்கெனவே கரு தங்கியிருந்தால் இம்மாத்திரை அதனை ஒன்றும் செய்யமாட்டாது; சிசுவுக்கும் தீங்கில்லை. கருச்சிதைவுக்கு வழங்கும் மிபெப்ரிஸ்டோன் முற்றிலும் வேறான மருந்து. 1971-ஆம் வருஷத்துச் சட்டத்துக்கு உட்பட்டு வைத்தியர் மேற்பார்வையில் கொடுக்கப்படுவது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு மிரள்வோர் படித்தவர்களிலும் அநேகர்.

இதில் காலமே பிரதானம். 1.5 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை 72 மணி நேரத்துக்குள் உட்கொள்ள வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். நான்கு கடைகள் ஏறியிறங்கி ஒரு பகல் வீணாகுமானால், அந்த நஷ்டம் கடைக்காரரைச் சேர்வதில்லை. ஒரு ஸ்திரீயைச் சேர்கிறது. 5 நாட்களுக்குள் வைத்தியரிடம் சென்று காப்பர்-டி வைத்துக்கொள்ளுதல் மாத்திரையைவிட நிச்சயமான வழியாகும்.

உட்கொண்டபின் குமட்டல், தலைவலி, தலைசுற்றல், அசதி, மார்பில் நோவு ஆகியவை தோன்றலாம். ஓரிரு நாளில் தாமே நீங்கிவிடும். 2 மணி நேரத்துக்குள் வாந்தியானால் மாத்திரையை மீண்டும் ஒரு முறை உட்கொள்ள வேண்டும். இடையில் சிறிது உதிரம் காணலாம்; அடுத்த மாதவிடாய் சில நாள் முந்தலாம் அல்லது பிந்தலாம். ஒரு வாரத்துக்கு மேல் பிந்தினால் சிறுநீர்ப் பரிசோதனை அவசியம். அடிவயிற்றில் கடும் வலி கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். மலட்டுத்தன்மை உண்டாகும் என்பதோ வெறுங் கட்டுக்கதை.

நம் தேசத்தில் முக்கியமாகக் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்றுண்டு. க்ஷயரோகத்துக்கு ரிபாம்பிசின் உட்கொள்ளும் ஸ்திரீகளுக்கு இம்மாத்திரையின் பலன் குறைந்துவிடும். காக்காய்வலிப்புக்குரிய சில மருந்துகளும் அத்தகையனவே. அவர்கள் வைத்தியரைக் கலந்துகொள்வதே தக்கது.

ஒரு மாத்திரை அந்த மாதம் முழுவதற்கும் காவலென்று நினைப்பதும் பிசகு. பின்னர் நிகழும் சேர்க்கைக்கு அது உதவாது. மேக வியாதிகளையும் அது தடுக்காது. இரண்டுக்கும் ஆணுறை இருக்கிறது. இதனை மாதந்தோறும் வழக்கமாகக் கொள்பவர்கள் மாதவிடாய்க் குழப்பத்துக்கு ஆளாவார்கள். நித்தியக் கருத்தடை முறைகளே அவர்களுக்கு ஏற்றவை. "இவையெல்லாம் பெண்கள் சமாசாரம்" என்று பத்திரிகையைப் புரட்டிவிடும் நண்பர்கள், கடைக்கு அனுப்பப்படுகிறவர்கள் பெரும்பாலும் தாங்களே என்பதை நினைவில் வைப்பார்களாக.

மருந்துக் கட்டுப்பாட்டு இலாகாவினர் இம்மாத்திரையின் விற்பனைக்குத் தடையில்லையென்று ஒவ்வொரு கடைக்கும் எழுத்துமூலம் தெரிவித்து, அந்த அறிவிப்பைக் கடையின் முகப்பில் ஒட்டுமாறு செய்தல் வேண்டும்.