கோயிலே மேடை, கூடியவரே பாத்திரம்

புனித வெள்ளியன்று புதுச்சேரித் தேவாலயங்களில் இயேசுவின் பாடுகள் வாசிக்கப்படுவதை நான் வெறும் வாசிப்பாகக் கருதுவதில்லை. இயேசுவின் சொற்கள் ஒருவருக்கு, கதையுரை ஒருவருக்கு, ஏனையோரின் பேச்சு இன்னொருவருக்கு எனக் குரல்கள் பிரிகின்றன. அவரைச் சிலுவையில் அறையக் கோரும் எருசலேம் மக்களின் கூக்குரலைப் பல இடங்களில் கூடியிருப்போரே எழுப்புகின்றனர். இது நாடகமே, மேடைதான் தனியே இல்லை.

இம்மரபின் வேர்கள் இடைக்கால ஐரோப்பாவில் உள்ளன. ஏறத்தாழ 970-இல் இங்கிலாந்தின் வின்செஸ்டர் ஆயர் எத்தல்வோல்ட் தொகுத்த துறவியர் ஒழுங்கு நூல், உயிர்ப்பு ஞாயிறு வைகறைக்குரிய நடிப்பு முறையை விவரிக்கிறது. வெள்ளாடை அணிந்த துறவி ஒருவர், கல்லறையாகக் கொள்ளப்பட்ட இடத்தில் வானதூதராக அமர்வார். வேறு மூவர் தூபக்கலசம் ஏந்தி, எதையோ தேடும் பெண்களைப் போலத் தயங்கி நடந்து வருவர். யாரைத் தேடுகிறீர்கள் என்று தூதர் வினவுவார். பின்னர் அவர்கள் வெறும் துணியை உயர்த்திக் காட்டுவர்: உடல் அங்கில்லை. பிற்காலத்தில் ஜெர்மானிய நிலப்பகுதிகளில், விண்ணேற்ற நாளன்று கிறிஸ்துவின் உருவத்தைக் கயிறு கட்டிக் கூரைத் துளைவழியே மேலே ஏற்றினர். பீடம் கல்லறையாயிற்று, கூரை வானமாயிற்று.

நமக்கு இது அந்நியமன்று. பாரதக் கூத்தின் படுகளத்தில் துரியோதனன் மண்ணுருவாக ஊர்ப் பொதுவெளியில் கிடக்கிறான். காண வந்தவர் போர்க்களத்தினுள்ளேயே நிற்கிறார். பார்வையாளரும் பாத்திரமாகும் இத்தகைய கலையில், யார் எங்கே நிற்கிறார் என்பதும் கதையின் பொருளாகிவிடுகிறது.

அதனால்தான் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1745-ஆம் ஆண்டுச் செய்தி ஒன்று என்னை உறுத்துகிறது. புதுச்சேரி சம்பா கோவிலினுள் ஒடுக்கப்பட்ட கிறித்தவர்களைப் பிரித்து வைக்க ஒரு சுவர் இருந்தது. அவர்கள் பாதிரியாரிடம் முறையிட்டனர், சுவர் இடிக்கப்பட்டது. ஆங்கிலேயர் 1761-இல் நகரைக் கைப்பற்றியபின் அக்கோயிலும் அழிந்தது. இன்றைய ஜென்மராக்கினி பேராலயம் 1791-இல் எழுந்தது.

அச்சுவரை வெறும் சாதித் தடுப்பாக மட்டும் நான் காணவில்லை. எருசலேம் கூட்டத்தின் குற்றத்தை எல்லோரும் ஒருங்கே ஏற்பதே பாடுகளின் நாடகம். குற்றத்தில் கூட அருகே நிற்க மறுப்போர், உயிர்ப்பின் மகிழ்ச்சியை மட்டும் எவ்வாறு பகிர இயலும்? கல்லறைத் தோட்டங்கள் வரை சாதிப் பிரிவினை தொடரும் ஊர்களில் இக்கேள்வி இன்னும் பழையதாகிவிடவில்லை.