பந்தயக் காரின் என்ஜின்: வேகமும் அதன் விலையும்

செம்பூரில் எங்கள் கட்டிடத்தில் குடியிருக்கும் கல்லூரி மாணவர் ஒருவர், பழைய மாருதி 800 என்ஜின் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, நண்பர்களோடு சேர்ந்து ஒரு சிறு பந்தயக் கார் கட்டப் போவதாகச் சொன்னார். "மாமா, இதில் எவ்வளவு பவர் ஏற்றலாம்?" என்று கேட்டார். "ஏற்றுவது பெரிய வேலை இல்லை தம்பி. ஏற்றினால் எந்தப் பாகம் முதலில் உடையும் என்று பார்த்தாயா?" என்றேன். அவருக்கு விளக்கிச் சொன்னதையே நம் சங்க அன்பர்களுக்கும் எழுதுகிறேன். கார்ப் பித்துப் பிடித்த பிள்ளைகள் இன்று பல வீடுகளில் இருக்கிறார்கள்.

இந்தச் சிறிய என்ஜினைக் குறைவாக எண்ண வேண்டாம். கோயம்புத்தூர் கரிவரதன் 1988-இல் வடிவமைத்த ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்கள் இதே என்ஜினில்தான் ஓடின. 'ஃபார்முலா மாருதி' என்று அவற்றுக்குப் பெயர். எல்லோருக்கும் ஒரே என்ஜின், கட்டுப்படியாகும் செலவு, எடை குறைந்த வண்டி என்பதே அவர் கொள்கை. எடை குறைந்தால் அதே குதிரைத்திறன் வண்டியை இன்னும் விரைவாக இழுக்கும். 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் தொடக்க காலத்தில் ஃபார்முலா மாருதி ஓட்டியவர்தான்.

என்ஜினுக்குச் சக்தி எங்கிருந்து வருகிறது? பெட்ரோலிலிருந்து என்போம். ஆனால் பெட்ரோல் எரியக் காற்று வேண்டும். எவ்வளவு காற்றை உள்ளே இழுக்கிறதோ அவ்வளவுதான் சக்தி. மாருதி சிலிண்டரின் விட்டம் 68.5 மி.மீ.; பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 72 மி.மீ.; சிலிண்டர்கள் 3. கணக்குப் போட்டால் 796 கன செ.மீ. வரும். கொள்ளளவை மாற்றப் போட்டி விதி இடம் தராவிட்டால் வழி இரண்டுதான்: ஒவ்வொரு முறையும் சிலிண்டரை நன்றாக நிரப்ப வேண்டும், அல்லது நிமிடத்தில் அதிகச் சுற்றுகள் ஓட்ட வேண்டும்.

இரண்டாவது வழியில்தான் ஆபத்து. பிஸ்டன் ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் நின்று திரும்புகிறது. அப்போது கனெக்டிங் ராடில் விழும் இழுவிசை, சுற்றுகளின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 5500 சுற்றில் ஓடும் என்ஜினை 7500-க்கு விரட்டினால் சுற்று 36 சதவீதம்தான் கூடியது. விசையோ 86 சதவீதம் கூடிவிடுகிறது. நான் பல ஆண்டுகள் பார்த்த டபிள்யூ.டி.எம்.2 டீசல் லோகோவுக்கு 16 சிலிண்டர், 2600 குதிரைத்திறன். ஆனால் அதன் உச்சச் சுற்று 1000-தான்; பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்குச் சுமார் 9 மீட்டர். இந்தச் சின்ன மாருதி 7500 சுற்றில் 18 மீட்டர் வேகத்தைத் தொட்டுவிடும்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. 1984-இல் மாட்டுங்கா நண்பர்கள் மூவரும் நானுமாக ஒரு பழைய பியட் 1100 காரைத் தயார் செய்து சென்னைக்கு அருகே சோழவரத்துக்குக் கொண்டுபோனோம். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் அந்நாளில் பந்தயம் நடக்கும். 5000 சுற்றுக்குள் ஓட வேண்டிய என்ஜினை 6500 வரை விரட்டினோம். புதிய கார்புரேட்டருக்குப் பணம் செலவழித்த நாங்கள், கனெக்டிங் ராடு போல்ட்டுகளைப் பழையதையே மாட்டினோம். மூன்றாவது சுற்றில் ஒரு போல்ட்டு அறுந்து, ராடு பிளாக்கைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. கொட்டிய எண்ணெயில் டயர் வழுக்கி வண்டி சுழன்றது. ஓட்டிய நண்பருக்குக் கை முறிந்தது. அதோடு போனது கடவுள் புண்ணியம். லோகோ ஷெட்டில் ராடுகளில் விரிசல் உண்டா என்று மேக்னாஃப்ளக்ஸ் சோதனை செய்த நான், என் நண்பன் உட்காரும் வண்டிக்கு அதைச் செய்யவில்லை. தவறு முழுக்க என்னுடையது.

ஆகவே தம்பிக்கு வேலையின் வரிசையைச் சொன்னேன். முதலில் என்ஜினைப் பிரித்து அளக்க வேண்டும். கிராங்க், ராடு எல்லாவற்றையும் விரிசலுக்குச் சோதிக்க வேண்டும். ராடு போல்ட்டு, நட்டு, பேரிங் எல்லாம் புதிது; டார்க் ரென்ச் வைத்து, சொன்ன அளவுக்கே முறுக்க வேண்டும். மூன்று பிஸ்டனையும் ராடையும் நகைக்கடைத் தராசு போன்ற நுட்பமான தராசில் நிறுத்து, கனமானதை லேசாகத் தேய்த்து, மூன்றையும் ஒரே எடைக்குக் கொண்டுவர வேண்டும். வளைவில் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கினால் பம்ப் காற்றை உறிஞ்சும்; பேரிங் கருகும். அதற்குச் சம்ப்பில் தடுப்புத் தகடு வேண்டும்.

அடுத்து ஹெட். அழுத்த விகிதம் கூடினால் அதே பெட்ரோலில் அதிகச் சக்தி கிடைக்கும். மாருதியின் ஒரு சிலிண்டர் சுமார் 265 கன செ.மீ. விகிதம் 9 என்றால் எரியும் அறை 33 கன செ.மீ.; விகிதம் 10 என்றால் 29.5. வித்தியாசம் ஒரு தேக்கரண்டி கூட இல்லை. ஆகவே தாராவியிலோ குர்லாவிலோ லேத் பட்டறையில் ஹெட்டை ஃபேசிங் செய்யக் கொடுக்குமுன், பள்ளி ஆய்வுக்கூடத்தில் இருக்கும் ப்யூரெட்டால் எண்ணெய் ஊற்றி மூன்று அறைகளையும் அளக்க வேண்டும். அதிகம் சீவினால் பெட்ரோல் தானாக வெடித்து நாக்கிங் வரும், பிஸ்டன் ஓட்டையாகும். ஹெட் இறங்கினால் வால்வு டைமிங்கும் மாறும். வால்வு பிஸ்டனைத் தொடுகிறதா என்று களிமண் உருண்டை வைத்துக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும்.

பிறகுதான் காற்றுப் பாதை. மேனிஃபோல்டும் ஹெட் துவாரமும் படியில்லாமல் ஒரே சீராகப் பொருந்தினால் போதும். கண்ணாடிபோல் மெருகேற்ற வேண்டியதில்லை. வால்வை அதிக நேரம் திறந்துவைக்கும் கேம் ஷாஃப்ட் போட்டால் மேல் சுற்றில் பலம் கூடும்; கீழ்ச் சுற்றில் இழுவை குறையும். கார்புரேட்டர் ஜெட் சரியா என்பதை ஸ்பார்க் பிளக் சொல்லும். காப்பிப் பொடி நிறமாக இருந்தால் சரி. கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் குறைவு, உடனே நிறுத்த வேண்டும்.

கடைசியாக, இதை எங்கே ஓட்டுவது? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவான வண்டியைத் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாகத் திருத்துவதைத் தடுக்கிறது. இரவில் நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்ப்பது வீரமல்ல. வழியில் போகிறவர் உயிரோடு விளையாடுவது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையிலும், கோவை அருகே கரிவரதன் பெயரிலும் முறையான பந்தயத் தளங்கள் உள்ளன. விதிப் புத்தகத்தை முதலில் படித்து, லைசென்ஸ் எடுத்து, அங்கே ஓட்டட்டும்.

தம்பி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். போன வாரம் என்னிடம் காட்ட வந்தது கார்புரேட்டரை அல்ல. ஒரு செட் புதிய ராடு போல்ட்டுகளை. எனக்கு நிம்மதியாக இருந்தது.